வியாழக்கிழமை லேஸ் தொப்பி

வென்டோவர் சீமாட்டி தர்சாவுக்குப் பத்தொன்பது டாலர் பாக்கி வைத்திருந்தாள். இரண்டு வருஷம் லேஸ் துவைத்துக் கஞ்சி போட்ட கூலி.

தர்சா ப்ளம்லி என் வீட்டு நிலவறையில் குடியிருந்தவள். மாலுமிப் புருஷனை மஞ்சள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. லேஸ் வெளுப்பதில் பிலடெல்பியாவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கு ஆளை எடைபோடத் தெரியும். ஒரே கிழட்டுக் குதிரையோடு ஆரம்பித்து ஒன்பது வண்டி சேர்த்தவன் நான். நாற்பது வயதில்தான் எழுத்துக் கூட்டினேன், ஆனால் நாள் எண்ணுவதில் என்னை ஒருவனும் ஏமாற்றியதில்லை.

அவளுக்குக் கஞ்சிமாவும் விறகும் கடன் கொடுத்த கடைக்காரன், சனிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் சிறைதான் என்று சொல்லிவிட்டான். நான் தருகிறேன் என்றேன்.

"ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனா? என் காசே அங்க கிடக்கு, அண்ணே."

அப்போது அமெரிக்காவுக்கே எங்கள் ஊர்தான் தலைநகரம். ஜனாதிபதியின் மனைவிக்குச் சம்பளம் கிடையாது, வேலை மட்டும் என் குதிரைகளுக்குச் சமம். வெள்ளிக்கிழமை மாலை வருகிறவர்களையெல்லாம் உட்கார்ந்து வரவேற்க வேண்டும். எவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலும், மூன்றாம் நாளுக்குள் அவள் வீட்டுக்குப் பதிலுக்குப் போக வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்து நடந்தால் ராணி என்பார்கள். குனிந்து நடந்தால் நாட்டுக்கே அவமானம் என்பார்கள். சம்பளமில்லாமல் அந்த வேலையை நான்கூடச் செய்திருக்க மாட்டேன்.

வென்டோவர் சீமாட்டி செவ்வாய்க்கிழமை அங்கே போய் வந்தாள். மறுநாளே அவளுடைய லேஸ் தொப்பி வெளுக்க வந்தது. பதில் வருகைக்குப் போட்டுக்கொள்ளவாம். வெள்ளிக்கிழமை காலை வேண்டுமாம்.

"வெள்ளிக்கிழமையா?" என்று சிரித்தேன். "அன்னிக்குக் காலையிலிருந்து அந்த வீட்ல மெழுகுவத்தி இறக்குறது என் வண்டிங்கதான். ஜனாதிபதி வீட்டம்மா வாசல் தாண்ட மாட்டாங்க. சீமாட்டி அங்க போன செவ்வாயையும் சேர்த்து எண்ணு. நாளைக்குத்தான் வராங்க."

தர்சா இரவெல்லாம் விழித்துத் தொப்பியை முடித்தாள். வியாழன் காலை நானே அவளைக் கூட்டிப்போனேன்.

சீமாட்டி வீட்டுக் கவுனோடு வந்தாள். "ஒரு நாள் முன்னாடியே கொண்டாந்துட்டியே! வச்சிட்டுப் போ. காசு அடுத்த வாரம்."

"இன்னிக்கு வராங்கம்மா."

"நாளைக்குடி. மூணாவது நாள்."

"நாளைக்கு வெள்ளிங்க. அவங்க வீட்லயே கூட்டம் இருக்கு. உங்க வீட்டுக்கு யாரு வருவா?"

சீமாட்டி விரல் விட்டு எண்ணினாள். முகம் வெளுத்தது, தொப்பிகூட அவ்வளவு வெளுத்திருக்காது.

"ஐயையோ! கொடுடி அதை!"

தர்சா கூடையை மூடினாள். "பத்தொன்பது டாலர்ங்க."

"மிரட்டுறியா?"

"கூலி கேக்குறேன். இல்லேன்னா பழைய தொப்பியப் போட்டுக்கங்க, அந்தப் பழுப்பு ஏறினது."

வேலைக்காரி பணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தெருமுனையில் குளம்புச் சத்தம் கேட்டது. சீமாட்டி வெள்ளிக்காசுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். பதினெட்டில் நிறுத்தினாள்.

"மீதி ஒண்ணு அப்புறம் தரேன், போ."

தர்சா கையை மடக்கவில்லை. கூடையையும் திறக்கவில்லை. குளம்புச் சத்தம் வாசலில் வந்து நின்றது.

பத்தொன்பதாவது காசு அவள் உள்ளங்கையில் விழுந்தது.