இரண்டு பேர் படகும் அணைத் தண்ணீரும்

பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலில், காற்று இருக்கும் நாளில் தண்ணீர் இருக்காது, தண்ணீர் இருக்கும் நாளில் காற்று இருக்காது, இரண்டும் இருக்கும் நாளில் பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கும்.

நான் பாளையங்கோட்டையில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். காலேஜ் நாளில் தூத்துக்குடியில் பாய்ப்படகு பழகியிருந்தேன். அந்த ஒரு தகுதியை வைத்து, அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்து அணை ஒன்றில் நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து தொடங்கிய படகுச் சங்கத்தில் என்னைப் பயிற்சியாளராகப் போட்டுவிட்டார்கள். எங்கள் படகு பதினாலடி நீளம். பெரிய பாய் ஒன்று, சின்னப் பாய் ஒன்று. பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிக்க ஒரு பிள்ளை. முன்னால் சின்னப் பாயை இழுத்துப் பிடித்து, காற்று கூடினால் பாய்மரத்துக் கம்பியில் இடுப்பை மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே சாய்ந்து நிற்க இன்னொரு பிள்ளை.

அடுத்தவர் பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருக்கிறவர்கள், பள்ளி வேன் ஓட்டுகிறவர் முதல் டியூஷன் டீச்சர் வரை, எல்லோரும் என் ஜாதிதான். நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மீதியை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நீர்க்கண்டம்

முத்துலட்சுமியைச் சேர்க்க வந்த அவள் அப்பா பத்திரப்பதிவு அலுவலகத்தில் கிளார்க். நெற்றி நிறைய விபூதி. விண்ணப்பப் படிவத்தோடு மஞ்சள் தடவிய ஜாதக நோட்டையும் மேஜையில் வைத்தார். பதினாலு வயது வரை பெண்ணுக்கு நீரில் கண்டம் என்று அதில் எழுதியிருந்தது. அவளுக்கு அப்போது பதிமூன்று. நான் நோட்டை மூடி அவர் பக்கமே தள்ளினேன். ஒரு வருடம் கழித்துக் கூட்டி வாருங்கள் என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக் கிணற்றைப் பலகை போட்டு மூடிவிட்டாராம். ஆற்றில் குறுக்குத்துறைக்குக் குளிக்கக் கூட்டிப்போவதையும் நிறுத்திவிட்டாராம். அப்படியும் போன ஐப்பசியில் அவள் குளியலறையில் வழுக்கி, நிறைந்திருந்த அண்டாவுக்குள் தலைகுப்புற விழுந்திருக்கிறாள். அம்மா கதவைத் தள்ளி உடைத்துக்கொண்டு போய்த் தூக்கியிருக்கிறார். பக்கத்தில் நின்ற முத்துலட்சுமி, இதெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது எங்க இருந்தாலும் தேடித்தான் வருது டீச்சர். இங்கன வந்தா ஒரு மோட்டார் படகு இருக்கு, நீங்க இருக்கிய. வீட்டுல அண்டாதான் இருக்கு."

விசில்

அவளுக்கு ஜோடியாக ஜெபாவைப் போட்டேன். ஜெபா சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள், எதற்கும் அசராத பிள்ளை. சுக்கான் அவள் கையில்.

மார்கழி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்கு ஐந்து படகும் உள்ளே போயிருந்த நேரம், மலையிலிருந்து மூடுபனி இறங்கி அணையை மூடிவிட்டது. நீளமாக மூன்று விசில் ஊதினால் கரைக்கு வர வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஊதினேன். நாலு படகு வந்தன. ஜெபாவும் முத்துலட்சுமியும் போன படகைக் காணோம். இன்னும் பலமாக ஊதினேன். மோட்டார் படகு ஓட்டும் அந்தோணி அண்ணாச்சி, மணப்பாட்டுக்காரர், முப்பது வருடம் கடலில் மீன் பிடித்தவர், என் கையைப் பிடித்து விசிலைக் கீழே இறக்கினார். எதிர்ப்பக்கத்து மலையில் பட்டு என் விசில் திரும்ப வந்துகொண்டிருந்தது. பனிக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு எது பக்கம், எது தூரம் என்று தெரியாது. நான் ஊத ஊத அவர்கள் அக்கரைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அக்கரை முழுக்கக் காடு. கரடி தண்ணீர் குடிக்க வருகிற இடம்.

விசிலைப் பைக்குள் போட்டேன். பிள்ளைகளைக் காணாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மோட்டார் படகில் கொஞ்ச தூரம் போவதும், இன்ஜினை நிறுத்திக் காது கொடுப்பதுமாகப் போனோம். நாலாவது தடவை நிறுத்தியபோது ஜெபா பாடுவது கேட்டது. அக்கரை நாணலில் படகு முட்டி நின்றது. முத்துலட்சுமி இறங்குவதற்காக ஒரு காலைத் தண்ணீரில் வைத்திருந்தாள். கயிறு கட்டி இழுத்து வந்தோம். பாதி வழியில் முத்துலட்சுமி மெதுவாகச் சொன்னாள்: "நீங்க ஊதுனதை நிப்பாட்டுன பெறகும் அங்கன ஊதிக்கிட்டேதான் இருந்துச்சு மிஸ்."

காற்றில்லாத மத்தியானம்

சித்திரையில் அணை பாதிக்குக் கீழே இறங்கிவிடும். எப்போதோ மூழ்கிய மரங்களின் உச்சிகள் தண்ணீருக்கு வெளியே தெரியும். அப்படி ஒரு மத்தியானம், ஒன்றரை மணி இருக்கும், காற்று அடியோடு நின்றுபோனது. படகுகள் ஆணி அடித்ததுபோல நின்றன. அந்தோணி அண்ணாச்சி பெட்ரோல் ஊற்றுவதற்காகக் கரைக்கு வந்திருந்தார். நானும் கரையில்தான் நின்றேன்.

ஜெபாவின் படகு மட்டும் நகர்ந்தது. பாய் இரண்டும் துணி காயப்போட்டதுபோலத் தொங்குகின்றன, படகு போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் சுக்கானைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அது மதகைப் பார்த்துப் போகிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கீழே மதகைத் திறந்துவிட்டார்கள். தகவல் எங்களுக்கு வந்து சேரவில்லை. அவர்கள் படகு நின்ற பழைய ஆற்றுத் தடத்தில் தண்ணீர் இழுத்து ஓடுகிறது, மேலே ஒரு சுழிப்புகூட இல்லை. கையால் துடுப்புப் போடுங்கள் என்று கத்தினேன். மோட்டார் ஐந்தாவது இழுப்பில்தான் பிடித்தது. நாங்கள் போய்ச் சேரும்போது மதகுக்கு முப்பது நாற்பதடிதான் மிச்சம். முத்துலட்சுமி படகில் குப்புறப் படுத்து, தண்ணீருக்கு வெளியே நின்ற ஒரு பட்டமரத்தைக் கட்டிப் பிடித்திருந்தாள். அவள் காலை ஜெபா பிடித்திருந்தாள்.

கரைக்கு வந்ததும் முத்துலட்சுமியின் முழங்கைச் சிராய்ப்புக்கு மருந்து போட்டேன். மரம் சூடாக இருந்தது என்றாள். சித்திரை வெயிலில் கட்டை சுடத்தானே செய்யும் என்றேன். அவள் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "மேல சுட்டுச்சு, அது வெயிலு. தண்ணிக்குள்ள கைவிட்டுப் பிடிச்சேன்லா, அங்கன வெதுவெதுன்னு இருந்துச்சு மிஸ், ஆளைப் பிடிச்ச மாதிரி."

தட்டிய சத்தம்

ஆனி பிறந்தால் மேற்கிலிருந்து காற்று வரும். அண்ணாச்சி அதைக் கச்சான் என்பார். அந்தக் காற்றில் படகு கவிழ்வது தினப்படி சமாச்சாரம். பக்கவாட்டில் விழுந்தால் பிள்ளைகளே நிமிர்த்திவிடுவார்கள். பாய்மரம் நேர் கீழே போய், வயிற்றுப்பக்கம் மேலே வந்துவிட்டால்தான் சிக்கல். உள்ளே ஒரு குடம் அளவுக்குக் காற்று நிற்கும். மாட்டிக்கொண்டால் அங்கே மூக்கை வைத்துக்கொண்டு தட்டு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு ஜெபாவின் படகு அப்படித்தான் கவிழ்ந்தது. தண்ணீரில் ஒரு தலையும் தெரியவில்லை. அண்ணாச்சி மோட்டார் படகை அந்தப் பக்கம் சுற்றிக் கொண்டுபோக, நான் அதிலிருந்து குதித்து நீந்திப்போய், கவிழ்ந்த படகின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினேன். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. மூன்று தட்டினேன். மூன்று வந்தது. பயப்படாதே, வாறேன் என்று சொல்லி மூச்சை இழுத்தேன். அந்த ஜாதக நோட்டு கண்ணுக்குள் நின்றது. முங்கப் போகும் நேரத்தில் மோட்டார் படகு சுற்றி வந்தது. ஜெபாவும் முத்துலட்சுமியும் அதில் உட்கார்ந்து, அண்ணாச்சி கொடுத்த கருப்பட்டி மிட்டாயைத் தின்றுகொண்டிருந்தார்கள். அலை அவர்களை அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறது.

பாயின் அடிக்கம்பு இடித்திருக்கும் என்றார் அண்ணாச்சி. நான் மறுபடி தட்டினேன். ஒன்றும் வரவில்லை. படகை நிமிர்த்திப் பார்த்தோம். கயிறுகளைத் தவிர ஒன்றுமில்லை. நிமிர்த்திய படகின் பக்கவாட்டில் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தேன். ஜெபா மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "நாங்க ரெண்டு பேரும் இங்கனதான இருக்கோம். நீங்க யாருக்கு மிஸ் தட்டுதிய?"

கடலில் காளி

ஆவணியில் முத்துலட்சுமிக்குப் பதினாலு முடிந்தது. அவள் அப்பா பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்துவிட்டு, அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கியதாகச் சொன்னார். அடுத்த மாதம் குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் தென்மாவட்டப் பிள்ளைகளுக்கான போட்டி. தசரா சமயம். சாலையெல்லாம் நேர்த்திக்கடனுக்குச் சாமி வேஷம் கட்டியவர்கள். பன்னிரண்டு படகுகள் ஓடின. மூன்றாவது சுற்றில் எங்கள் பிள்ளைகள் முதலில் வந்துகொண்டிருந்தார்கள். நான் நடுவர் படகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர்கள் படகு மிதவையைச் சுற்றாமல், பாதையை விட்டு விலகி நேரே கடலுக்குள் போனது. சுக்கான் உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

தொலைநோக்கியில் பார்த்தேன். தண்ணீரின் மேல் கறுத்த முகம், வெளியே தொங்கும் சிவந்த நாக்கு, சடைமுடி, இரு பக்கமும் விரிந்து கிடக்கும் கைகள். திசையன்விளைக்காரர் ஒருவர், பாத்திரக் கடை வைத்திருப்பவர், முதல் தடவையாகக் காளி வேஷம் கட்டியிருக்கிறார். கால் நனைக்க இறங்கியவரை அலை இழுத்துப் போய்விட்டது. முதுகில் கட்டியிருந்த மரக்கைகள்தான் அவரை மிதக்க வைத்திருந்தன. முத்துலட்சுமி கம்பியில் தொங்கியபடி குனிந்து பிடித்த முதல் கை கழன்று அவளோடு வந்துவிட்டது. இரண்டாவது பிடித்ததுதான் அவருடைய கை. மூன்று பேரைச் சுமந்துகொண்டு, விளிம்பு வரை தண்ணீரில் அமிழ்ந்த படகை ஜெபா கரை சேர்த்தாள். கடைசியாகத்தான் வந்தார்கள். உயிரைக் காப்பாற்றப் போனவர்களுக்கு விதியில் இடம் உண்டு என்று நடுவர்கள் பேசி, மூன்றாம் இடம் கொடுத்தார்கள்.

பாய் மறைத்திருக்குமே, ஆள் கிடப்பது எப்படித் தெரிந்தது என்று முத்துலட்சுமியிடம் கேட்டேன். பார்க்கவில்லையாம். முத்துலட்சுமி, முத்துலட்சுமி என்று இரண்டு தடவை அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டதாம். ஜெபாவுக்குக் கேட்கவில்லை. நான் அந்த மனிதரைப் பார்க்கப் போனேன். கொட்டகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மை வழிந்து பாதி முகம் அவருடையதாகவும் பாதி காளியுடையதாகவும் இருந்தது. மடியில் அந்தத் தகர நாக்கு. பிள்ளையின் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் நாக்கை எடுத்துக் காட்டினார். "நான் யாரையும் கூப்பிடலையே தாயி. இதைப் பல்லுல கடிச்சுக் கட்டியிருந்தேன்லா, வாயே தொறக்க முடியலை."

பிள்ளைகளிடமிருந்து பயத்தை எடுத்துவிடுவதுதான் என் வேலை; எடுத்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று மட்டும் இத்தனை வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.