முதல் வரியில் அண்ணா

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய பெருமாள் கோயிலில் அப்பா அர்ச்சகர். மாதாமாதம் தங்கள் நட்சத்திரத்தன்று அர்ச்சனை செய்யச் சொல்லி வெளியூர்க்காரர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அன்றன்றைக்கு யார் பெயருக்கு அர்ச்சனை என்று கம்ப்யூட்டரிலிருந்து அச்சடித்துத் தருவது என் வேலை. அதற்கான கம்ப்யூட்டர் நிரலை எழுதியது அண்ணா. நிரல் எழுதுகிறவர்கள் சோதித்துப் பார்க்க முதலில் தங்கள் பெயரைத்தான் போடுவார்கள். அண்ணாவும் எங்கள் கோத்திரத்தோடும் சுவாதி நட்சத்திரத்தோடும் தன் பெயரை முதல் வரியில் போட்டான். அப்பா கேலி செய்தார்.

"பெருமாள்கிட்டயே உனக்குத்தான் முதல் தீர்த்தமாடா?"

பைக்கில் சென்னைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. காரியங்கள் முடிந்த கையோடு அப்பா என்னிடம் வந்து, "அவன் பேரை எடுத்துடும்மா. போனவாளுக்கு அர்ச்சனை கிடையாது" என்றார். எடுத்தேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு காலையில் நிரல் ஓடவில்லை. அண்ணா நிரல் எழுதிய மொழிக்கும் பழைய டேட்டாபேஸுக்கும் நடுவில் துபாஷி வேலை பார்த்து வந்த எக்ஸ்டென்ஷனை அந்த மொழியின் புதிய பதிப்பில் எடுத்துவிட்டார்களாம். எங்கள் நிரல் இருந்த சர்வர்க்காரர்கள் அந்தப் புதிய பதிப்பைத்தான் போட்டிருந்தார்கள். காலாவதியாகிவிட்டது, இனி யாரும் பயன்படுத்துவதில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு விளக்கம். யாரும் இல்லையாமே! நாங்கள் யாராம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணா எழுதியதில் பாதிக்கு மேல் தூக்கிப் போட வேண்டியிருந்தது. அவன் கைப்பட எழுதி மிச்சமிருந்தது அதுதான்.

பக்கத்து ஓரிக்கையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த அண்ணாவின் நண்பர் வந்து, எல்லாப் பெயர்களையும் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றுவிட்டார்.

மறு வாரம் சுவாதி. பட்டியலை அச்சடித்து, படித்துக்கூடப் பார்க்காமல் அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா சன்னதியில் நின்று வழக்கமான வேகத்தில் ஆரம்பித்தார். எங்கள் கோத்திரத்தைச் சொன்னார். சுவாதி நட்சத்திரம் என்றார். அப்புறம் குரல் வரவில்லை. சேவார்த்திகள் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பா தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். பிறகு அடுத்த கோத்திரத்திலிருந்து தொடர்ந்தார்.

பதறியடித்துக்கொண்டு நண்பருக்குப் போன் செய்தேன். அவர் உடனே வந்து கோயில் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு, பின்னால் வந்து நின்ற அப்பாவிடம் திரும்பினார்.

"சாமி, மன்னிச்சிருங்க. பழைய டேட்டாபேஸ்ல ஒரு பேரை அழிச்சா நெஜமா அழியாது. அழிச்சதுன்னு ஒரு குறி மட்டும் போட்டு மறைச்சு வச்சிக்கினு இருக்கும். எனக்கு அது தெரியாம, மறைஞ்சிருந்ததையும் சேர்த்து இதுல கொண்டாந்துட்டேன்."

அப்பா அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். அப்பாவோ ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையருகே உட்கார்ந்தார்.

"அப்போ இத்தனை வருஷமா உள்ளேயேதான் இருந்தானா?"

நண்பர் தலையாட்டினார்.

"இப்போ இதுல எடுத்தா?"

"இதுல எடுத்தா போயிடும் சாமி. பழைய ஃபைலையும் அடுத்த வாரம் சர்வர்லருந்து தூக்கிடுவாங்க."

நான் மவுஸில் கை வைத்துக் காத்திருந்தேன். அப்பா சாஸ்திரத்தில் இம்மி பிசகாதவர். எடுத்துடு என்றுதான் சொல்வார், சொன்னால் இரண்டாவது முறையும் நானே அழிக்க வேண்டும்.

"இருக்கட்டும். நான் அதைத் தாண்டிப் படிச்சுக்கறேன்."

சொல்லிவிட்டு மடப்பள்ளிப் பக்கம் போய்விட்டார். அவர் அழுததை நான் பார்த்தது அண்ணாவைக் கொண்டுவந்த அன்றைக்கு மட்டும்தான். அன்றும் எனக்கு முதுகுதான் தெரிந்தது.

அதன்பின் ஒவ்வொரு சுவாதியன்றும் பட்டியலைக் கையில் எடுத்ததும் அப்பா முதல் வரியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். உதடு அசையும். பிறகு இரண்டாவது பெயரிலிருந்து உரக்க ஆரம்பிப்பார். ஒருமுறை ஒரு சேவார்த்தி அக்கறையாக, "சாமிக்கு வயசாயிடுச்சு, மூச்சு வாங்குது பாருங்க" என்றார்.

அப்பா, "ஆமாம்" என்றார்.