என்ன கறி என்று அக்கா கேட்டாள்

என் மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் பெட்டியில் ஒரு பட்டுப்புடவையும் ஒரு ஸ்லோ குக்கரும் இருந்தன. புடவை, கல்யாணத்துக்கு நாங்கள் அனுப்பியது. கட்டத் தெரியாமல் மடிப்புக் கலையாமல் அப்படியே எடுத்து வந்திருந்தாள். கரண்டில் மணிக்கணக்காக மெல்ல வேகவைக்கும் அந்தக் குக்கர், அவளுடைய அம்மா கொடுத்தது. இரண்டு துணிகளுக்கு நடுவில் வைத்து, பீங்கான் உடையாமல் அவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தாள்.

மகன் அமெரிக்காவில் படிக்கப்போன இடத்தில், கூடப் படித்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளுடைய அம்மா மெக்சிகோவில் பிறந்து டெக்சாஸில் குடியேறியவர். தொண்ணூறுகளின் நடுவில் அவன் கம்பெனி இங்கே ஒரு கிளை திறந்தபோது இருவரும் சென்னைக்கு வந்து, அடையாறில் எங்களோடு தங்கினார்கள். மகன் பாதி நாள் வெளியூரில் இருப்பான். வீட்டில் நான், என் மனைவி, அந்தப் பெண். நான் மின்துறையில் பொறியாளராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். யாராவது ஒரு வேலை சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த காலம்.

அந்தக் குக்கர்தான் எனக்கு வேலை கொடுத்தது. அது நூற்றுப்பத்து வோல்ட் சாமான். நம் வீட்டு ப்ளக்கில் நேராகச் செருகினால் அன்றோடு போய்விடும். ரிச்சி தெருவுக்குப் போய், சொல்லிச் செய்து, ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வந்தேன். அம்மிக்கல் கனம். ஆட்டோவிலிருந்து இறக்கிய என்னைப் பார்த்து என் மனைவி, "இதுக்கு ஒரு ரூமே கட்டணும் போல" என்றாள்.

அந்தக் குக்கரில் அவள் முதலில் செய்ய விரும்பியது பன்றிக்கறி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் கறி, மீன் சாப்பிடுகிறவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டன் இல்லாவிட்டால் என் அப்பா தட்டைத் தள்ளிவிடுவார். ஆனால் பன்றி வேறு விஷயம். அந்தப் பெயரைச் சொன்னாலே சாக்கடை ஓரத்தில் புரளும் உருவம்தான் எங்கள் வீடுகளில் கண்ணுக்கு வரும். என் மனைவி யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்: "என் அடுப்பு மேல ஏறக்கூடாது. கரண்டுல என்ன வேணா பண்ணிக்கோங்க." குக்கரும் டிரான்ஸ்ஃபார்மரும் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குடியேறின.

கறி வாங்குவது என் பொறுப்பு. ஞாயிறு விடிந்ததும் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கடைக்கு ஸ்கூட்டரில் போவேன். கடைக்காரர் முதல் நாளே கேட்டார், "யாருக்கு சார்?"

"ஒரு ஃப்ரெண்டுக்கு."

"அல்லாரும் ஃப்ரெண்டுக்குத்தான் சார் வாங்கினு போறாங்க. அந்த ஃப்ரெண்டு யாருன்னுதான் தெரில. நல்லாத் துன்னுகினு கீறாரு" என்று சொல்லி, நான் கேட்காமலே கறுப்பு கவரில் போட்டுக் கொடுத்தார்.

தோள்பட்டைப் பகுதிதான் வேண்டும் என்பாள் அவள். கொழுப்பு இருந்தால்தான் கறி நார் நாராகப் பிரியும். உப்பு, சீரகம், நசுக்கிய பூண்டு, வறுத்த காய்ந்த மிளகாய். அவர்கள் ஊரில் ஆரஞ்சு பிழிவார்களாம். நாங்கள் சாத்துக்குடி பிழிந்தோம். அவர்கள் ஊர் இலை ஒன்று வேண்டும் என்று தேடியவள், எங்கள் தோட்டத்தில் சளிக்காக வளர்த்திருந்த கற்பூரவல்லியை ஒரு நாள் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். அன்றிலிருந்து அந்த இலைதான். தண்ணீர் ஊற்றக்கூடாது. எட்டு மணி நேரம், மூடியைத் திறந்து பார்க்கக்கூடாது. கரண்ட் போனால் போன நேரத்தைக் கடைசியில் கூட்டிக்கொள்வோம். முந்தைய ராத்திரியே ஏற்ற முடியாது, கறி காலையில்தானே கிடைக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மதியச் சாப்பாடு சாயங்காலத்துக்குப் போனது. இரண்டு முள்கரண்டிகளை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுப்போம். சின்னச் சின்னக் கறி என்றுதான் அந்தச் சாப்பாட்டுக்கு அவள் பாஷையில் பெயராம். சோள ரொட்டி சரியாக வரவில்லை. என் மனைவியின் சப்பாத்தியில் வைத்து, மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சை பிழிந்து சுருட்டிக் கொடுப்பாள்.

எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மட்டனைவிடப் பிடித்திருந்தது. இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

காத்திருக்கும் நேரத்தில் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். முதலில் கற்றுக்கொடுத்த சொல் 'தெரியாது'. பஸ் ஸ்டாப்பில் யாராவது ஏதாவது கேட்டால் இதைச் சொல்லிவிடு, தப்பித்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்தது 'நன்றி'. அதை எல்லோரிடமும் சொன்னாள். பால்காரரிடம் சொன்னாள், கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம் சொன்னாள், தண்ணீர் எடுத்துக்கொடுத்தால் என்னிடமும் சொன்னாள். வீட்டுக்குள் யாராவது நன்றி சொல்வார்களா என்று என் மனைவி சிரிப்பாள். பிறகு சமையல் சொற்கள். பன்னி என்று சொல்லாதே, அது கொச்சை. பன்றி என்று சொல்ல வேண்டும் என்று திருத்தினேன். றகரம் வர அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். மயிலாப்பூரில் தனியாக இருந்தாள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தது அவள்தான். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகன் இப்படிக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அக்கா ஏற்றுக்கொண்டால்தான் மற்றவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அந்தப் பெண்ணை ஒரு விசேஷத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. தானாகப் போய்ப் பார்க்கலாமா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பொறு, ஒரு நாள் அக்காவே வருவாள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அக்கா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அடையாறு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த தோழியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று நடந்து வந்திருந்தாள். கையில் ஒரு பொட்டலம் மல்லிகை. மகன் ஊரில் இல்லை.

"என்னடா வாசனை இது? தெருமுனை வரைக்கும் வருது."

"மருமக சமைச்சிருக்காக்கா. அவங்க ஊர் சமையல்."

"என்ன கறி?"

"கறிதான்க்கா" என்றேன்.

சென்னையில் கறி என்றால் ஆட்டுக்கறி. வேறு எதுவாக இருந்தாலும் பெயர் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேர்க்காமல் விட்டேன். பொய் சொல்லவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்ட முதல் நிமிடம் அது.

"உனக்குப் பிடிக்காதுக்கா. காரமே இருக்காது. ரசம் இருக்கு, அப்பளம் பொரிக்கச் சொல்றேன்."

"பசிக்குதுடா. காலைலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலை. பொண்ணு ஆசையா செஞ்சிருக்கு, ரசத்தைக் காட்டுறியே."

உள்ளே சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அதற்குள் அந்தப் பெண் மல்லிகையைத் தலையில் எப்படியோ செருகிக்கொண்டு தட்டோடு வந்துவிட்டாள்.

அக்கா ஒன்று சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டு வாங்கினாள். "பஞ்சாட்டம் இருக்கே. பல்லே வேணாம் போலிருக்கு" என்றாள். என் பக்கம் சாய்ந்து, "நல்லாத்தான்டா செய்யுது. ஆவணியில நம்ம சொந்தத்துல வர்ற நிச்சயதார்த்தத்துக்கு இதையும் கூட்டிக்கிட்டு வா" என்றாள். நாங்கள் காத்திருந்த வார்த்தை அது. எப்படியாவது தட்டு காலியாகட்டும், கை கழுவட்டும், பஸ் ஏறட்டும் என்றுதான் நினைத்தேன். என்னை வளர்த்தவள் தெரியாமல் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அக்கா தன் தொடையைத் தட்டிக் காட்டி, "தொடைக்கறியாம்மா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷமாகத் தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். "தோள். பன்றி, அத்தை."

"நன்றியெல்லாம் எதுக்கும்மா? நான்தான் உனக்குச் சொல்லணும்."

தன் உச்சரிப்புதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள் பாவம். நான் கற்றுக்கொடுத்தபடியே உதட்டைச் சேர்த்து, "ப... பன்றி" என்றாள். அப்போதும் அக்கா விழிக்கவே, விரலால் மூக்கு நுனியை மேலே தூக்கி, தொண்டையில் ஒரு சத்தமும் போட்டுக் காட்டினாள்.

அக்காவின் கை வாய்க்குப் பாதியில் நின்றது.

"டேய். என்னடா சொல்றா இவ?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதா?"

"கறின்னுதான் சொன்னா. நான் என்னத்தைக் கண்டேன்."

காலையில் கறுப்பு கவரைக் கொண்டுவந்து வைத்தவன் நான். பூண்டு நசுக்கியவன் நான். என் விரல் நகத்தில் அந்த வாசனை இன்னும் இருந்தது.

அக்கா பின்பக்கம் போய், துவைக்கிற கல்லருகே குழாயைத் திறந்து, வெகுநேரம் வாய் கொப்பளித்தாள். குக்கர் பக்கத்திலேயே இருந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் இருக்கும் பக்கமே பார்க்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டாள். "பாவம்டா நீ. இந்த வயசுல உன்னை ஏமாத்தி என்னென்னத்தைத் தின்ன வெச்சிருக்காங்க." நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் டிரான்ஸ்ஃபார்மரின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மல்லிகை தலையில் இல்லை. இங்கிலீஷில், மெதுவாக, பாடம் கேட்பதுபோலவே கேட்டாள்: "மாமா, தெரியாது என்ற சொல்லுக்கு வேறு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?"

எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாள். அந்த வழியாக நான் போயிருக்க வேண்டியது அவள் காலடிக்கு. நான் என்ன செய்தேன் தெரியுமா? பாடம் எடுத்தேன். தெரிதல் என்றால் கண்ணுக்குப் புலப்படுதல். எனவே தெரியாது என்றால் பார்வைக்கு வராது என்றும் பொருள் உண்டு என்று விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "நன்றி, மாமா" என்றாள்.

என் மனைவி மட்டும் படுக்கப்போகும் முன் சொன்னாள், "நான் வாயைத் தொறக்கலை. அது என் தப்பு. நீங்க தொறந்தீங்க."

ஆவணி நிச்சயதார்த்தத்துக்கு நானும் என் மனைவியும் மட்டும் போனோம். சொந்தக்காரர்கள் என்னிடம் துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தார்கள். மகனும் மருமகளும் பாலவாக்கத்தில் தனி வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். ஆபீசுக்குப் பக்கம் என்று மகன் சொன்னான்; பக்கம் இல்லை. நடந்ததை அவள் அவனிடம் சொல்லவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தால் புரிந்தது. அடுத்த வருஷம் அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டார்கள். குக்கரை எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே இதற்கு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதே என்றாள். நான் அதைத் துடைத்துப் பரணில் வைத்தேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மறுபடி மதியத்துக்கே வந்துவிட்டது. மதியம் சாப்பிட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்திருப்பேன். இப்போது நினைத்தாலும் அந்த ஆறேழு மாத ஞாயிற்றுக்கிழமைகள்தான் என் ஓய்வுக்காலத்தின் நல்ல பகுதி.

அக்காவைப் பார்க்க மாதம் இரண்டு முறையாவது மயிலாப்பூர் போவேன். காபி கொடுக்கும்போதெல்லாம் "பாவம்டா நீ" என்பாள். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துப் போவேன். காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். இப்படி இரண்டு வருஷம் போயிருக்கும்.

ஒரு நாள் அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே. அன்னிக்கு அந்தக் கறி இருக்கே... நல்லாத்தான்டா இருந்துது. நாக்குலயே நிக்குது. அது பாவமோ புண்ணியமோ, எனக்குப் பொய் சொல்லத் தெரியலை." கீரைக்காம்பை ஒடித்தபடி, "எப்படித்தான் செஞ்சாளோ. உனக்குத் தெரியுமா?" என்றாள்.

கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தெரியும்க்கா" என்றேன்.

ஆரம்பத்திலிருந்து சொன்னேன். எங்கள் வீட்டில் அது கறுப்பு கவரிலிருந்துதான் ஆரம்பம். சைதாப்பேட்டைக் கடை, ஸ்கூட்டர், தோள்பட்டை, சாத்துக்குடி, கற்பூரவல்லி, எட்டு மணி நேரம், இரண்டு முள்கரண்டி. யார் எதைச் செய்தார்கள் என்று விடாமல் சொன்னேன். கறி என்று மட்டும் சொல்லிப் பெயர் சேர்க்காமல் விட்டதையும் சொன்னேன். பாதியிலேயே அக்காவின் கை கீரையில் நின்றுவிட்டது. நான் முடிக்கும்வரை நிமிரவில்லை.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"அந்தப் பொண்ணுக்குத்தான் தமிழ் கொஞ்சம் புரியுமே" என்றாள். "நீ தெரியாதுன்னு சொன்னது புரிஞ்சிருக்குமே. இவர்தான் வாங்கிட்டு வந்தார்னு கையைக் காட்டியிருந்தா போதும். எதுக்குடா சும்மா நின்னா?"

இத்தனை வருஷம் கழித்தும் அதை அந்தப் பெண்ணிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்று அக்காவிடம் உண்மையைத்தான் சொன்னேன்.

"தெரியாதுக்கா."