தேங்காய் போடாத ரொட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே வரிசையாக ஒட்டியிருக்கும் வீடுகளில், யாரும் நாயைக் கட்டி வளர்ப்பதில்லை. ஜிம்மி என் நாய்தான், சின்ன நாய். ஆனால் கொழுந்து பறித்தவர்கள் மாலையில் மலையிறங்கியதும் வீடு வீடாகப் போய்த் தேங்காய் ரொட்டி தின்றுவிட்டுத்தான் வரும்.

ஒருநாள் வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டது. ஹட்டன் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கணையம் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். தோல் நீக்கி அவித்த கோழியும் சோறும் மட்டும்தான் பத்தியம். எண்ணெய், கொழுப்பு, தேங்காய் கூடவே கூடாது. மறுபடி வந்தால் பிழைப்பது கஷ்டமாம்.

திரும்பியதும் எல்லா வீட்டிலும் சொன்னேன், கடைசி வீட்டு ராணி அக்காவைத் தவிர. மலைத்தண்ணீர் வந்து விழும் பீலியில் குடம் பிடிக்கும்போது வந்த சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை.

ஜிம்மி எழுந்து நடக்கத் தொடங்கிய அன்றே மாலையில் அதைக் காணவில்லை. வெளியே ஓடினேன். ராணி அக்கா வீட்டு வாசலில் ஜிம்மி எதையோ மென்றுகொண்டிருந்தது.

"என்னக்கா குடுத்தீங்க? செத்துரும்க்கா!" கத்திக்கொண்டே அதன் வாய்க்குள் விரலை விட்டேன்.

வெறும் சோறு.

"கத்தாத. நீ பக்கத்து வீட்ல சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு" என்றார் ராணி அக்கா. "தேங்கா ரொட்டி வாசம் வந்தா இது இங்கயேதான் கெடக்கும். அதான் அன்னையிலருந்து நாங்களும் தேங்கா போடாமதான் சுடுறோம். புள்ளைங்கதான் மொணங்குதுங்க."

உள்ளே போய் ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். வெறும் மாவும் உப்பும். ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டேன். நான் சொல்லாமல் விட்ட ஒரே வீட்டில், என் நாய்க்காக மனிதர்கள் பத்தியம் இருந்திருக்கிறார்கள்.