பின் சீட்டில் பதினோரு கீறல்கள்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்குக் கதை விடத் தெரியாது. தோல் சீட்டுத் துடைக்கத்தான் தெரியும். இது எனக்கு நடந்தது. போன மாதம் பதினோராம் தேதி, வியாழக்கிழமை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ, அவர்களுக்கு வாய்க்கொழுப்பு. இது பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்கள் என் வலது கட்டைவிரலைப் பார்க்கலாம். இன்னும் ஆறவில்லை.

காரின் தோல் சீட்டுகளைச் சுத்தம் செய்து, க்ரீம் தடவி மெருகேற்றி, கீறல் இருந்தால் மூடிக் கொடுப்பது என் தொழில். பதினாறு வருடமாகச் செய்கிறேன். 'தோல் டாக்டர்' என்று பட்டப்பெயர். குழந்தை வாந்தி எடுத்த சீட்டு, நாய் கடித்த சீட்டு, சிகரெட் சுட்ட சீட்டு, எது வந்தாலும் தடம் தெரியாமல் அனுப்பிவிடுவேன். அந்தத் தடம் யாருடையது, எப்படி வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் பிழைப்பு ஓடாது.

அன்று காலை பத்தரைக்கு ஒரு கறுப்புக் கார் வந்தது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். பின் கதவைத் திறந்து காட்டினார். பழுப்பு நிறத் தோல். நல்ல உயர்ந்த ரகம்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வேணும். நாளைக்குக் காலைல ஒருத்தர் வந்து வண்டியப் பாப்பாரு."

"விக்கிறீங்களா சார்?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்." சிரித்தார். "அப்புறம், ஒரு பொண்ணு வந்து அழும். என் கொழுந்தியா. மறை கழண்ட கேஸு. கண்டுக்காதீங்க."

அந்தப் பெண் ஒன்றேகாலுக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். வெயிலில் நடந்தே வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியது.

"அண்ணா, அந்தப் பின் சீட்டத் தொட்டுடாதீங்க. நாளைக்கு வரைக்கும் மட்டும்."

மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுடைய அக்கா அந்தப் பின் சீட்டில்தான் செத்துப்போனாளாம். காலில் ஆபரேஷன் ஆகி, வலது தொடை வரை மாவுக்கட்டு. அக்கா புருஷன் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு ஏதோ வேலையாகப் போயிருக்கிறார். கண்ணாடிகள் ஏறியிருந்தன. கதவுகள் பூட்டியிருந்தன. மாத்திரை போட்டுத் தூங்கியவள் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அவர் சொல்ல, எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

"தூங்குறவ சீட்டப் பிறாண்டுவாளா அண்ணா? நான் என் கண்ணால பாத்தேன். நகத் தடம் இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு போலீஸ் அதிகாரி வந்து பாக்குறேன்னு சொல்லியிருக்காரு. கால்ல விழுந்து சம்மதிக்க வச்சிருக்கேன். எங்களுக்கு அது ஒண்ணுதான் சாட்சி."

"வண்டி யாருது?"

"மாமாவோடது."

"அப்ப மாமாகிட்டப் போய்ச் சொல்லும்மா."

ஷட்டரை அவள் முகத்துக்கு நேராக இறக்கினேன். ஊரார் குடும்பச் சண்டையில் நான் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்? அன்று நான் செய்த முதல் பாவம் இது. இரண்டாவது இதைவிடப் பெரியது. அதற்கு வருகிறேன்.

ஷட்டரை இறக்கியது அவளுக்காக மட்டும் இல்லை. தோலுக்கு வெயில் ஆகாது. க்ரீம் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடும். அதனால் எப்போதும் ஷெட்டை இருட்டாக்கிக்கொண்டு தனியாகத்தான் வேலை செய்வேன். டார்ச்சைச் சீட்டின் மேலேயே படுக்க வைப்பேன். வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் கீறல் கண்ணுக்குத் தெரியும்.

மணி 2:10. டார்ச்சைப் படுக்க வைத்தேன்.

முதுகு சாயும் பக்கத்தில், கதவை ஒட்டி, பதினோரு கீறல்கள். எல்லாம் மேலிருந்து கீழே இழுத்தவை. முதல் நான்கும் ஆழம். போகப் போக ஆழம் குறைந்தது. கடைசிக் கோடு தோலைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. பதினாறு வருடம் தோலைப் பார்த்தவன் நான். பலம் போய்க்கொண்டிருந்த ஒரு கை போட்டவை அவை. அந்தப் பெண் சொன்னது முழுக்க உண்மை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் தூரிகையை எடுத்தேன்.

சிரமமான வேலை என்றால் எனக்குக் கை பரபரக்கும். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

முதலில் தூசி உறிஞ்சும் மெஷின். சீட்டுக்குக் கீழே வெள்ளையாக மாவு போல ஏதோ கிடந்தது. உறிஞ்சினேன். குழாயைச் சுற்றி வைத்துவிட்டுத் திரும்பினேன். அதே இடத்தில் அதே அளவு மாவு. மறுபடி உறிஞ்சினேன். மறுபடி இருந்தது. மூன்றாவது முறை அதைப் பார்க்காதது போல விட்டுவிட்டேன்.

2:35. நுரை மருந்து போட்டுத் தேய்த்துத் துடைத்தேன். மூன்று வாரம் கிடந்த சீட்டு. துணி கறுத்திருக்க வேண்டும். வெள்ளையாகவே இருந்தது. ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது... வேர்த்த முதுகைத் துடைத்த துண்டு மாதிரி.

2:50. க்ரீம். ஒரு சீட்டுக்கு நான்கு ஸ்பூன் போதும். இந்தச் சீட்டு அரை பாட்டிலைக் குடித்தது. தடவத் தடவக் காய்ந்தது. தாகம் எடுத்தவள் குடிப்பது போல என்று நினைத்தேன். நினைத்த பிறகு அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

3:05. தலைமுடி காய வைக்கும் மெஷினால் தோலைச் சூடாக்கி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் லேசான கீறல் தானாக மூடிக்கொள்ளும். பதினொன்றையும் மூடினேன். டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். சுத்தம். எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டு, கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது 3:14.

பதினோரு கீறல்கள். அதே இடத்தில்.

தோல் ஆறும்போது சுருங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பசை வைத்துப் பதினொன்றையும் அடைத்தேன். இனி மேலே சாயம் பூச வேண்டியதுதான். பக்கத்து ஷெட்டில் கார் கழுவுபவன் காற்று மெஷினைப் போட்டிருந்தான். அவனை எல்லோரும் 'நுரை' என்போம். அவன் கிளப்பும் தூசி ஈரச் சாயத்தில் ஒட்டினால் வேலை கெட்டுவிடும். அதனால் புது நீலக் கையுறை மாட்டிக்கொண்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை நானே சாத்தினேன்.

டக்.

நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. மணி 3:22. சாவி வெளியே, சுவர் ஆணியில் தொங்கியது.

பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. பின் கதவில், உள்ளேயிருந்து திறக்க விடாத குழந்தைப் பூட்டு போட்டிருந்தது. இத்தனை நேரம் துடைத்திருக்கிறேன், அந்தச் சீட்டில் ஒரு பிஸ்கட் தூள் இல்லை. அது குழந்தையே ஏறாத வண்டி. அப்புறம் எதற்கு அந்தப் பூட்டு?

முன் சீட்டுக்குத் தாவலாம் என்று எழுந்தேன். முடியவில்லை.

என் வலது கால் மடங்கவில்லை.

சீட்டின் மேல் நீட்டிக்கொண்டு கிடந்தது. கல் மாதிரி கனத்தது. பயத்தில் மரத்துவிட்டது என்று நினைத்து, கையால் தட்டினேன்.

டொக்... டொக்...

சதையில் அந்தச் சத்தம் வராது.

பிறகு சூடு. ஷெட்டுக்குள் வெயிலே கிடையாது. ஆனால் கண்ணாடியில் வெயில் அடிப்பது போல முகம் எரிந்தது. கத்தினேன். நுரையின் மெஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மெஷின் நின்றது. மறுபடி கத்தினேன்.

குரல் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போது காதுக்குப் பக்கத்தில்...

கிர்ர்ர்...

முதல் கீறல் என் கண்ணெதிரே விழுந்தது. நகம் இல்லை. விரல் இல்லை. தோல் மட்டும் மெல்லப் பிளந்தது.

கிர்ர்ர்... இரண்டு.

கிர்ர்ர்... மூன்று.

நான்காவது எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். கீறலை மூடிய கை அல்லவா? தொழில் புத்தி. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

உள்ளேயிருந்து பிடித்தது.

பிடித்து... கீழே இழுத்தது.

கையுறை கிழிந்தது. கூடவே தோலும்.

பதினொன்று வரை எண்ணினேன். கடைசி, தொட்டும் தொடாமலும்.

பின்கழுத்தில் மூச்சுக் காற்று.

"துடைச்சுடாதீங்க..."

கதவு திறந்தது. நுரை நின்றுகொண்டிருந்தான். பழைய துணி கேட்டு, ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தானாம். மணி 4:05. நாற்பத்து மூன்று நிமிடம் உள்ளே இருந்திருக்கிறேன்.

"என்ன டாக்டரே, உள்ள உக்காந்து தூங்கிட்டியா?"

"கதவு... பூட்டியிருந்துதே?"

"பூட்டா? சும்மா சாத்தித்தான் இருந்துச்சு." உள்ளே எட்டிப் பார்த்தான். "ஆமா, கூட இருந்த பொம்பள எங்க?"

கால் மடங்கியது. இறங்கினேன். நுரையை அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். கட்டைவிரலில் ஒரு அரிசி அளவுக்குத் தோலைக் காணோம். கிழிந்த கையுறையிலும் அதே இடத்தில் ஒரு துணுக்கைக் காணோம். சீட்டுக்குக் கீழே தேடினேன். மெஷினின் பையைக் கொட்டித் தேடினேன். கிடைக்கவில்லை.

இப்போது இரண்டாவது பாவத்துக்கு வருகிறேன்.

வேறு எவனாக இருந்தாலும் சீட்டைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடியிருப்பான். அந்தப் பெண்ணைத் தேடிப் போய், "வாம்மா, பத்திரமா இருக்கு" என்று சொல்லியிருப்பான். எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. என்னையே பூட்டி வைக்கிறாயா? என் ஷெட்டில், என் கையைக் கிழிக்கிறாயா? உயிரோடு இருந்தபோது ஒரு கதவைத் திறக்க வக்கில்லை, என்னிடம் வீரம் காட்டுகிறாயா?

"போடி" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டேன். கதவு சாத்தாமல் இருக்க மரக்கட்டை வைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பசை வைத்து அடைத்தேன். சூடு காட்டினேன். சாயத்தை ஒற்றி எடுத்தேன். ஒவ்வொரு கீறல் மூடும்போதும் தோலுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு மூச்சு வந்தது. வாயைப் பொத்தினால் மூக்கு வழியாக வருமே, அந்த மாதிரி. எண்ணிக்கொண்டே மூடினேன். பதினோராவதை மூடியபோது மூச்சு வரவில்லை.

அதன் பிறகு கீறல் திரும்பவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சரியாக ஐந்து மணிக்கு அந்த மடிப்புச் சட்டைக்காரர் வந்தார். உள்ளங்கையால் சீட்டைத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தடவினார்.

"ஒரு தடம் இல்லையே! ஆளு கில்லாடிதான்."

"அதானே சார் தொழிலே."

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரி வந்தாராம். டார்ச் அடித்துப் பார்த்தாராம். ஆறு நிமிடத்தில் கிளம்பிவிட்டாராம். இதையெல்லாம் அந்தத் தங்கைதான் சொன்னாள். ஒன்பது நாள் கழித்து, இருபதாம் தேதி, திரும்பவும் என் ஷெட்டுக்கு வந்து நின்றாள். இந்தத் தடவை அவள் அழவில்லை. கையில் ஒரு தாள் இருந்தது.

"அக்காவோட போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டுண்ணா. அப்பவே எழுதி வச்சிருக்காங்க. யாரும் ஒழுங்காப் படிக்கல. நேத்துதான் எங்க கைக்கு வந்துச்சு."

"அதுக்கு என்கிட்ட ஏன் வந்தே?"

"படிச்சுப் பாருங்க."

அவள் விரல் வைத்த வரியைப் படித்தேன். வலது கை நடுவிரல் நகத்துக்கு அடியில் நீல நிற ரப்பர் துணுக்கு ஒன்று. அதில் ஒட்டியபடி வேறொருவருடைய தோல், அரிசி அளவு. தாளின் தலையில் தேதியைப் பார்த்தேன். என் விரல் கிழிந்ததற்கு இருபத்திரண்டு நாள் முந்தைய தேதி.

இன்னொரு முறை பார்த்தேன். அதே தேதிதான்.

"மாமா இப்ப இதத்தான் பிடிச்சுக்கிட்டாரு. பாத்தீங்களா, வண்டிக்குள்ள வேற எவனோ இருந்திருக்கான், நான் இல்லேன்னு. அவர விட்டுட்டாங்க. அந்த இன்னொரு ஆளத்தான் தேடுறாங்க."

பேசிக்கொண்டே அவள் அலமாரியைப் பார்த்தாள். நீலக் கையுறைப் பெட்டி திறந்தே இருந்தது. பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தாள். துணியில் ரத்தம் ஊறியிருந்தது. ஒன்பது நாளாக அப்படித்தான் ஊறிக்கொண்டிருக்கிறது.

"அண்ணா, எங்கக்கா செத்த அன்னைக்கு மத்தியானம் நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"கூட யாரு இருந்தா?"

யாரும் இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டுத் தனியாகத்தான் இருந்தேன். அந்தக் காரில் இருந்த மற்ற எல்லாத் தடத்தையும் நானே துடைத்துவிட்டேன். மிச்சம் இருப்பது என்னுடையது மட்டும்தான்.