மார்த்தாவை நான் ஆமோஸுக்கு விட்டுக்கொடுத்த கதை

மார்த்தா காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய கணவர் ஆமோஸ். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. பத்தொன்பது வருடம் நாளாந்தம் என்னோடு வேலை செய்த மனுசியின் சாவை, பத்து மாதம் மட்டும் கூட வாழ்ந்த ஒருவர் எனக்கு அறிவிக்க வேண்டியிருக்கிறது. அவர் வீட்டில் தொலைபேசி கிடையாது. விடிந்ததும் பக்கத்துப் பண்ணைக்கு நடந்துபோய் அங்கிருந்து அழைப்பு எடுத்திருக்கிறார். "வசந்தி, மார்த்தா நித்திரையிலேயே போயிட்டா. முதல் உங்களுக்குத்தான் சொல்லுறன்," என்றார். எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது.

மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் முதியோர் இல்லத்தில் எங்களோடு வேலை செய்த தமிழ்ப் பெண்கள், அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்றார்கள். அவரைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். மார்த்தாவும் ஆமோஸும் என்னோடு கதைத்தது இங்கிலீஷில். என் காதில் நிற்கிற விதமாக அதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

மார்த்தா, மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஒன்ராறியோப் பக்கம் கறுப்புத் தொப்பி போட்டுக் குதிரை வண்டியில் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அந்தப் பிரிவின் பழைய முறைக்காரர். மார்த்தா புது முறை. ஜீன்ஸ் போடுவார், தலைமயிரைக் கட்டையாக வெட்டுவார், கொட்டுகிற பனியிலும் அநாயாசமாகக் கார் ஓட்டுவார். அவருடைய சபையில் பிரசங்கம் செய்பவரே ஒரு பெண். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பாரமான ஒரு ஐயாவைத் திருப்பிப் படுக்கவைக்கத் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்து, "முதுகால தூக்காதையும், முழங்காலை மடியும்," என்று காட்டித் தந்தார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒன்றாகத்தான். என் புட்டில் பாதி அவருக்குப் போய்விடும்.

ஆமோஸ் ஒன்ராறியோவில் பழைய முறைக்காரர்; நாலு வருடத்துக்கு முன் தன் அக்காவின் சத்திரசிகிச்சைக்காக மொன்றியலுக்கு வந்தார். புது முறையோ பழைய முறையோ, தூரத்திலிருந்து வருகிற மெனோனைட்டுக்கு இன்னொரு மெனோனைட் வீடு திறந்திருக்கும். திறந்தது மார்த்தாவின் வீடு. ஆறு கிழமை இருந்தார்கள். ஐம்பத்தைந்து வயதுவரை கல்யாணத்தை நினைக்காத மார்த்தா, மத்தியானத்தில் என்னைத் தனியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடத் தொடங்கினார். இடியப்பத்தோடு ஒருநாள் போய்ப் பார்த்தேன். தோள்பட்டி போட்ட காற்சட்டையோடு அந்த மனிதர் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, மார்த்தா துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவர் ஊருக்குப் போனபிறகு கிழமைக்கு ஒரு கடிதம் வந்தது. மழை பெய்தது, மாடு கன்று ஈன்றது, அக்கா நடக்கிறா, இவ்வளவுதான் இருக்கும். மார்த்தா அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டுவார். என் மனுசன் நல்லவர்தான். சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் வேலை, குடி வெறி ஒன்றும் கிடையாது. ஆனால் எனக்கென்று ஒரு வரி எழுதியவரில்லை. மார்த்தாவைக் கொண்டுபோகிற ஆமோஸிலும் பொறாமை, கடிதம் வருகிற மார்த்தாவிலும் பொறாமை. ஒரு மனுசிக்கு இவ்வளவு வயித்தெரிச்சல் கூடாதுதான்.

ஆமோஸ் இங்கே வந்தால் சபையை விட வேண்டும், அக்காவையும் விட வேண்டும். ஆகவே மார்த்தா போவதென்று முடிவானது. காரை விற்றார், தலைமயிரை வளர்த்தார். உமக்கென்ன விசரோ, பெண் பிரசங்கம் செய்கிற சபையை விட்டுத் தலைக்குத் தொப்பி கட்டப் போகிறீரோ என்று நான் பாய்ந்தேன். "அந்த மனுசன் இருக்கிற இடத்தில கட்டச் சொன்னா கட்டிறன்," என்றார் சாதாரணமாக.

பழைய முறைக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. வருடத்தில் இரண்டு தரம், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், அப்பமும் திராட்சை ரசமும் பகிர்கிற திருவிருந்து எடுப்பார்கள். அதற்கு முன் ஒவ்வொருவரும் எல்லோரோடும் சமாதானமாக இருக்கிறேன் என்று சபையில் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர வருகிறவரும் அப்படித்தான்; சபையில் சேர்ந்தால்தான் கல்யாணம். அந்த வசந்த காலத்தில் மார்த்தா உடுப்பு மாற்றுகிற அறையில் என் முன்னால் வந்து நின்றார்.

"வசந்தி, என்னில உமக்கு ஏதும் மனத்தாங்கல் இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"என்னெண்டு சொல்லும்."

"பேந்து சொல்லுறன்."

எங்கள் ஆட்கள் கோபம் போடுவது உங்களுக்குத் தெரியும்தானே. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் மற்றவர் வந்து கெஞ்சுவார், பிறகு எல்லாம் சரி. நான் கெஞ்சலுக்குக் காத்திருந்தேன். மார்த்தா தலையாட்டிவிட்டுப் படுக்கை விரிக்கப் போய்விட்டார்.

கோடையில், ஏன் கல்யாணம் இழுபடுகிறது என்று கேட்டேன். "நீர் இன்னும் சொல்லேல்லையே," என்றார். என் வாயில் வந்த ஒரு சொல் இரண்டு பேரின் வாழ்க்கையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது: விளங்கியபிறகும், இலையுதிர் காலத்தில் அவர் வந்து கேட்டபோது, "இன்னும் இருக்கு," என்றேன். சொல்லாவிட்டால் போகமாட்டார். போகாவிட்டால் என்னோடு இருப்பார்.

அந்தப் பனிக்காலம் என் முதுகு பிடித்துக்கொண்டது. என் பாரமான ஆட்களையெல்லாம் மார்த்தா தானாகவே எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை குத்திக் கதைக்கவில்லை. அடுத்த வசந்தத்தில், எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அவரை ஆமோஸிடம் அனுப்பிவைத்தேன். அது பச்சைப் பொய்.

அடக்கத்துக்கு நானும் என் மனுசனும் ரயிலில் போனோம். ஆமோஸ் வீட்டில் பெட்டி திறந்திருந்தது. வெள்ளைத் தொப்பிக்குள் மார்த்தாவின் முகம் அப்படியொரு நிறைவாக இருந்தது. அந்த நிறைவைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு ஆமோஸிடம் போனேன். ஒரு வருடம் உங்களிடமிருந்து பறித்தவள் நான்தான், கடைசியில் சொன்னதும் பொய்தான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எங்கட சபை மூப்பர் மார்த்தாவை முதல் தரமே வரச் சொன்னவர். நீ மனசாரக் கேட்டாய், அது போதும் எண்டவர். மார்த்தாதான் மாட்டன் எண்டவ. வசந்தி அனுப்பாமல் வரமாட்டன் எண்டு எனக்கு எழுதினவ."

அவர் மண்ணைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

"அந்த ஒரு வருசமும் எனக்கு உங்களில சரியான பொறாமை."

அங்கேயே இருந்து அழுதேன். ஆமோஸும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் புல்லில் இருந்தார். என் மனுசன் தூரத்தில் குதிரை வண்டியடியில் நின்று காத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் எங்களை எழுப்ப வரவில்லை.

போட்டு வாரும், மார்த்தா. மனசாரச் சொல்லுகிறேன்.