நாங்கள் வாங்கிய ஜீபிஎஸ்

நான் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. பழுகாமத்தில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் வயல் வட்டைக்குள் பாய்கிற வாய்க்கால் தண்ணீர்தான், மிஞ்சிப் போனால் வாவி. கலியாணம் முடித்துத் தேற்றாத்தீவுக்குக் கிட்டக் கடற்கரையில் குடியேறிய பிறகுதான், அக்கரை தெரியாத தண்ணீர் ஒன்று உண்டென்றும் அதற்குள் புருஷனை அனுப்பிவிட்டு வீட்டிலிருந்து சோறாக்க வேண்டும் என்றும் எனக்குத் தெரிந்தது. கடல்காரன் பெண்சாதிக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லாரும் புத்தி சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் கடலில் கால் நனைக்காத ஆம்பிளைகள்.

கடல்காரருக்கு வழி சொல்வது கரைதான். கரையில் நிற்கிற இரண்டு பொருளை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வரும்படி சேர்த்துப் பார்ப்பார்கள். கோயில் கோபுரமும் மேற்கே தெரிகிற மலையும் ஒரு கோடு. பனங்கூடலும் பழைய அரிசி மில்லின் புகைபோக்கியும் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் படகு நின்றால், கீழே இன்ன பார் இருக்கிறது என்று கணக்கு. பார் என்பது கடலடியில் கல் எழும்பி நிற்கிற இடம். மீன் அங்கேதான் கிடக்கும். என் மாமனாருக்கு அப்படி ஒரு பார் இருந்தது. அதை அவர் சாகிறவரை ஒருவருக்கும் சொல்லவில்லை, மகனைத் தவிர. மகனுக்கும் கடலில் வைத்துத்தான் காட்டினாராம். பாரைப் பற்றித் தரையில் வாய் திறக்கக் கூடாது, பெண்சாதியிடம்கூட.

"எவடத்த மச்சான் இவ்வளவு மீன் பட்டது?" என்று நான் கேட்டால், என் மனிசன் வலையை உதறிக்கொண்டு "கிழக்க" என்பார். எங்கள் கடலில் கிழக்கைத் தவிர வேறு என்ன திசை இருக்கிறது? ஊரில் எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தான். பத்துப் பேர் நிற்கிற இடத்தில் மீன் பட்ட இடத்தைச் சொல்கிறவனைக் கிறுக்கன் என்பார்கள். கேட்கிறவனுக்கும் பதில் வராது என்று தெரியும், மரியாதைக்குக் கேட்டுவிட்டுப் போவான்.

சண்டை வந்து இந்தக் குறிகளை ஒவ்வொன்றாகத் தின்றது. பனங்கூடலைக் காவலரண் கட்டத் தறித்தார்கள். மில்லின் புகைபோக்கி ஷெல் விழுந்து சரிந்தது. கோயில் கோபுரமும் இடிந்தது, அங்கே இரவு விளக்குப் போடக் கூடாது என்றார்கள். மலையைத்தான் ஒருவராலும் தறிக்க முடியவில்லை. ஒற்றை மலையை வைத்துக்கொண்டு என்ன கோடு கீறுவது? மாரி மழை மூடிய ஒரு விடியற்காலை, என் மனிசன் கரை எதுவென்று தெரியாமல் இராணுவ முகாமுக்கு நேரே படகை விட்டுவிட்டார். சுட்டார்கள். தண்ணீருக்குள் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெயரையும் ஊரையும் கத்திக்கொண்டே கிடந்தாராம். மத்தியானம் போல வீட்டுக்கு வந்தார், முழங்கால் இரண்டும் தோல் உரிந்து. அன்றைக்குச் சொல்லிவிட்டேன், வழி காட்ட ஏதாவது ஒரு சாமான் இல்லாமல் இனிக் கடலில் கால் வைக்க விடமாட்டேன் என்று. மீன் வராவிட்டால் மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தின்போம். எனக்கு மனிசன் வீடு வந்தால் போதும்.

பிறகு சமாதானம் என்று ஒன்று வந்தது. பாதை திறந்தது, கொழும்புச் சாமான்கள் வந்தன. நான் அப்போது மட்டக்களப்பு டவுனில் ஒரு நிவாரண அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். இங்கிலிஷ் வாசிக்கத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். ஆகவே படகுக்கு என்ன கருவி வாங்குவது என்று தெரிவு செய்கிற பொறுப்பு, கடலில் ஒருநாளும் போகாத என் தலையில் விழுந்தது. நான் கொழும்புக் கடையொன்றுக்கு அலுவலக டெலிபோனில் கதைத்து, விலைத்தாளும் படங்களும் தபாலில் எடுப்பித்தேன்.

படம் பார்க்கும்போது எல்லாமே வேண்டும் போல இருந்தது. கலர்த் திரையில் கடலின் வரைபடமே தெரிகிற கருவி ஒன்று. அதுதான் எனக்கும் முதலில் கண்ணில் பட்டது. கடைக்காரர் நல்ல மனுஷர். "அம்மா, உங்கட பக்கத்துக் கரை அதுக்குள்ள இல்ல. வெள்ளையாத்தான் தெரியும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். உலகத்துத் துறைமுகத்தையெல்லாம் படம் போட்டவர்களுக்கு எங்கள் கரை ஒரு பொருட்டாகப் படவில்லை. வெள்ளைத் திரையைப் பார்க்க அவ்வளவு காசு எதற்கு?

என் மனிசனுக்கு ஆசை வேறொன்றில்.

"மீன் காட்டுற பெட்டி ஒண்டு இருக்காம் புள்ள. கீழ எத்தின பாகம் ஆழம், மீன் நிக்கிதா இல்லையா, எல்லாம் காட்டுமாம். அத எடுப்பமா?"

"மீன் எங்க கிடக்கெண்டு உங்களுக்குத் தெரியும் மச்சான். வீடு எங்க கிடக்கெண்டுதானே தெரியாமப் போனது. வீடு காட்டுற பெட்டிய எடுப்பம்."

அவர் முகம் தொங்கிப் போனது. ஆனாலும் அந்தப் பெட்டிக்குப் பெரிய பற்றரி வேண்டும். எங்களுடையது கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற எஞ்சின், அது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றாது. பற்றரியைத் தூக்கிக்கொண்டு கிழமைக்குக் கிழமை டவுனுக்கு அலைய யாரால் முடியும்? இப்படிக் கணக்குக் காட்டி அதை வெட்டினேன். கரையோடு கதைக்கிற ரேடியோ செட்டும் விலைத்தாளில் இருந்தது. அதை நான் திரும்பியும் பார்க்கவில்லை. சமாதானம் எத்தனை நாளைக்கென்று யாருக்குத் தெரியும்? கதைக்கிற சாமான் கையில் இருந்தால், யாரோடு கதைத்தாய் என்று கேட்பார்கள். திசைகாட்டி மலிவுதான். ஆனால் வடக்குத் தெரிந்து என்ன செய்ய, எங்கள் வீடு அதற்குத் தெரியாதே.

கடைசியில் மிஞ்சியது கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன ஜீபிஎஸ். கறுப்பு வெள்ளைத் திரை. வரைபடம் கிடையாது. இரண்டு சின்னப் பற்றரி போட்டால் போதும். நிற்கிற இடத்தைப் பொத்தானை அமத்திச் சேமித்துவிட்டால், எங்கே போனாலும் ஒரு அம்புக்குறி அந்த இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். மலிவு, தண்ணீர் பட்டாலும் பழுதாகாது, யாரோடும் கதைக்காது, யாரையும் பார்க்காது. இதைவிட ஒரு பாவமும் அறியாத சாமான் உலகத்தில் இல்லை என்று நினைத்து, நானே என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டு வாங்கினேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிய கதை.

புத்தகத்தை நான் வாசித்துச் சொல்லச் சொல்ல அவர் பொத்தானை அமத்திப் பழகினார். முதல் இடமாக எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே மணலில் நின்று வீட்டைச் சேமித்தோம். இரண்டாவது இடத்தைச் சேமிக்க அவர் தனியே போனார். குறிகள் போய்விட்டபடியால், மாமனாரின் பாரைக் கண்டுபிடிக்கக் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலடிக்கு இறக்கி இறக்கித் தேடினாராம். பல நாள் வெறுங்கையோடு வந்தார். ஒருநாள் படகு நிறையக் கலவாய் மீனோடு, முகம் நிறையச் சிரிப்போடு வந்தார். "எவடத்த மச்சான்?" என்றேன். "கிழக்க" என்றார். பக்கத்து வீட்டு வளவுத் தம்பியும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் என் மனிசனை அண்ணன் என்பான், என்னை மச்சாள் என்பான். அவனுடைய படகு எங்கள் படகுக்குப் பக்கத்தில்தான் இழுத்துப் போட்டிருக்கும்.

கருவிக்குள் இரண்டே இரண்டு இடங்கள். ஒன்றுக்கு வீடு என்று நான் பெயர் போட்டுக் கொடுத்தேன். மற்றதற்கு அவர் பெயர் போட விடவில்லை. மழையென்றாலும் மூட்டமென்றாலும் அம்புக்குறியைப் பார்த்து எங்கள் வாசலுக்கு நேரே வந்து சேர்ந்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் மனப்பாரமில்லாமல் நித்திரை கொண்டது அந்தக் காலத்தில்தான்.

பிறகு சமாதானமும் போனது. சண்டை திரும்பத் தொடங்கியதும், இப்படிப்பட்ட கருவி வைத்திருக்கிறவர்கள் கடற்கரை முகாமில் கொண்டுவந்து பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். கடலுக்குப் போகிற பாஸை எல்லாப் படகுக்காரரும் புதுப்பிக்கிற அதே நாளில் இதுவும். கிணற்றடியில் புதைத்துவிடுவோம் என்று நான் சொன்னேன்.

"என்னகா நீ, களவெடுத்த சாமானா இது? கடைத் துண்டு இருக்கு. மடியில கனமில்லாதவனுக்கு வழியில என்ன பயம்?" என்றார்.

அந்தப் பற்றுச்சீட்டு இங்கிலிஷில், ஏதாவது கேட்டால் விளங்கப்படுத்தலாம் என்று நானும் கூடப் போனேன். என்னை முள்ளுக்கம்பிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஆம்பிளைகள் மட்டும் உள்ளே வரிசையில் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி, பக்கத்தில் தமிழ் கதைக்கிற ஒருவன். என் மனிசன் கருவியை நீட்டுவதும், அதிகாரி பொத்தானை அமத்திப் பார்ப்பதும் தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. ஏதோ கேட்டார்கள். என் மனிசன் வரிசையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு இல்லையென்று தலையை ஆட்டினார். திரும்பவும் கேட்டார்கள். திரும்பவும் தலையை ஆட்டினார். இரண்டு பேர் வந்து அவருடைய கையைப் பின்னால் மடக்கிக் கொண்டுபோனார்கள். நான் கம்பியைப் பிடித்துக் கத்தினேன், கை கிழிந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே நடந்ததைப் பக்கத்து வளவுத் தம்பிதான் வந்து சொன்னான். அவன் வரிசையில் இவருக்குப் பின்னாலேயே நின்றவன்.

"ஒரு இடம் வீடெண்டு கிடக்கு, சரி. மத்த இடம் கடலுக்குள்ள கிடக்கே, அவடத்த என்ன இருக்கெண்டு கேட்டாங்க மச்சாள். அண்ணன் ஒண்டுமில்ல எண்டார். ஒண்டுமில்லாத இடத்த நீ ஏன் மெசினுக்குள்ள வச்சிருக்கா, ஆரச் சந்திக்கிற இடம், என்ன இறக்கிற இடம் எண்டு கேட்டாங்க. மறுகாவும் ஒண்டுமில்ல எண்டார்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மீன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் பின்னால் ஊர்ப் படகுக்காரர் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தகப்பன் கடலில் வைத்துக் காட்டிய பாரை, துவக்குக்கு முன்னாலும் தரையில் வாய் திறந்து சொல்ல அந்த மனுஷனுக்கு வரவில்லை. பெண்சாதிக்குச் சொன்ன அதே பதிலைச் சற்று மாற்றி அதிகாரிக்கும் சொல்லியிருக்கிறார். கிழக்க என்று சொல்லாததுதான் குறை. எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிடித்துக்கொண்டு போனவர்கள் மேல் வந்ததைவிட அதிகம்.

மறுநாளே முகாம் வாசலுக்குப் போய், அது மீன் பிடிக்கிற பார் ஐயா, வேறொன்றுமில்லை என்று தமிழிலும் இங்கிலிஷிலும் சொன்னேன். "அவன் ஒன்றும் இல்லை என்கிறான், நீ மீன் என்கிறாய். யார் சொல்வது பொய்?" என்று கேட்டார்கள். பிறகு அவரை எங்கோ மாற்றினார்கள். இடம் இடமாக ஏறி இறங்கினேன். மாரி வந்து போனது, அறுவடை வந்து போனது. அவரும் உள்ளே முதல் அடியிலேயே மீன் என்று சொல்லிவிட்டாராம். யார் நம்பப் போகிறார்கள்? ஏன் பிடித்தோம் என்று விளக்கம் சொல்லாதவர்கள், ஏன் விட்டோம் என்றும் சொல்லாமல் ஒருநாள் விட்டார்கள். வலது காது கேட்காமல் வந்தார். அந்தக் காதோடு போன ஏதோ ஒன்றினால், நிமிர்ந்து நடந்தாலே தலை சுற்றும். ஆடுகிற படகில் எப்படி நிற்பது? ஜீபிஎஸ்ஸைத் திருப்பித் தரவில்லை. தந்திருந்தாலும் நான் அடுப்பில் போட்டிருப்பேன்.

கடலுக்கு இனிப் போகமாட்டார் என்பதில், வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. மனிசன் வீடு வந்தால் போதும் என்று நேர்ந்தவள் நான்தானே. வீட்டுக்குள்ளேயே இருந்தார். தகப்பனின் பாரை ஊருக்குத் தெரியாமல் காப்பாற்றிவிட்டோம் என்ற ஒரு பெருமை அவரிடம் மிச்சம் இருந்தது. அதை வைத்துத்தான் எழும்பினார், சாப்பிட்டார். நான் அதைக் குலைக்கவில்லை.

அப்படியிருக்க ஒரு காலை, பக்கத்து வளவுத் தம்பி பெரிய கலவாய் ஒன்றைக் கறிக்கென்று கொண்டுவந்து தந்தான். என் மனிசன் மீனைப் புரட்டிப் பார்த்தார். நிறத்தையும் பருமனையும் பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எவடத்த பட்டது தம்பி?" என்றார்.

அவன் கிழக்க என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "உங்கட பார்லதான் அண்ணன். நீங்க இனி வரமாட்டீங்கதானே" என்றான்.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"உங்கட அப்பாட காலத்திலயே எங்கட ஆக்களுக்குத் தெரியும் அண்ணன். ஊரில எல்லாருக்கும் தெரியும். அது உங்கட இடமெண்டு மரியாதைக்கு வாறதில்ல."

என் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தேன். "அப்ப அண்டைக்கு நீ பின்னாலதானே நிண்டா? அது மீன் படுற பார் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கள்ளமில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"அண்ணனே ஒண்டுமில்ல எண்டு சொல்லேக்க, நாங்க எப்பிடி மச்சாள் மாறிச் சொல்லுற? அது அவர்ர இடமெல்லோ."

என் மனிசன் கேட்கிற காதை அவன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு, "ஓம், அது சரிதான்" என்றார்.

அவன் போன பிறகு மீனை வெட்டினேன். அருமையான கலவாய், வெள்ளைச் சதை. புளியும் தேங்காய்ப்பாலும் விட்டு ஆக்கினேன். அவர் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். வீட்டில் அன்றைக்கு வேறு கறி இருக்கவில்லை.